முப்பத்தொரு படிகளுக்கு மேலே ஓர் அழகான வீடு

தினமும் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு என்னைப் படம் எடுக்கிறார்கள். என்னை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அவர்கள் எடுப்பது வீட்டை. இரண்டாம் மாடி யன்னலுக்குள் நான் இருப்பதால் நானும் அதில் விழுந்துவிடுகிறேன். சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தேவாலயச் சதுக்கத்தின் நடுவில் நிறுத்துவார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். எங்கள் வீட்டைப் பற்றி அவரிடம் நாலு வசனம் இருக்கிறது, நாலும் எனக்குப் பாடம். வீடு கட்டி நானூறு வருடம் ஆகிறது. கட்டியவர் ஒரு தானிய வியாபாரி. வெளிச்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் மரச்சட்டங்கள் எல்லாம் முதல் நாள் வைத்தவை. உள்ளே உள்ள சுழல்படியின் நடுத்தூண் ஒரே ஓக் மரத்தில் செதுக்கியது, இந்த வட்டாரத்தில் இப்படி இன்னொன்று கிடையாது. நாலாவது வசனத்துக்கு எல்லோரும் "ஆ" என்பார்கள். கைத்தொலைபேசிகள் ஒன்றாக மேலே எழும்பும். நான் முகத்தைத் திருப்பினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். சிரித்தால் கையசைப்பார்கள். யன்னலைச் சாத்தினால், திறக்கும்வரை காத்திருப்பார்கள். ஒருமுறை தோய்த்த சேலையை யன்னலில் காயப்போட்டேன். அன்று வழக்கத்தைவிட அதிகமாகப் படம் எடுத்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, டோமை, அதாவது தேவாலயத்தைப் பார்த்த பக்கத்தில் உடுப்புக் காயப்போடும் வழக்கம் இங்கே இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் "ஆ" என்கிற அந்தப் படியால்தான் மாசி மாதம் தொடக்கம் நான் இங்கே மேலே இருக்கிறேன். என்னை ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது. ஆனால் கதவு கீழே இருக்கிறது, நான் மேலே இருக்கிறேன், நடுவில் முப்பத்தொரு படி. ஊரில் இருக்கும் நீங்களும், கனடா, லண்டன், நோர்வே என்று சிதறிக் கிடக்கும் நீங்களும் இந்த வீட்டுப் படத்தை முகநூலில் பார்த்துவிட்டு, "எவ்வளவு வடிவு, குடுத்துவைச்சனியள்" என்று எழுதுகிறீர்கள். ஓம், வடிவுதான். அழகிருந்து அழும், அதிர்ஷ்டம் இருந்து உண்ணும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் படத்தில் தெரியாத மிச்சத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உடுப்புக் கூடையோடு இறங்கும்போது பதினோராவது படியில் வழுக்கினேன். நானூறு வருடம் ஆட்கள் மிதித்து மிதித்து ஒவ்வொரு படியும் நடுவில் அகப்பைபோலக் குழிந்திருக்கிறது. படியின் அகலம் ஒரு ஆளுக்குத்தான் காணும். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்துத் தைத்து, தள்ளிக்கொண்டு நடக்கும் நாலு சில்லு வண்டி ஒன்றும் தந்தார்கள். அதை இங்கே ரோலேட்டர் என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் இரண்டு தடியர்கள் என்னைக் கதிரையில் வைத்து வார்ப்பட்டையால் கட்டி, ஒருவர் முன்னுக்கும் ஒருவர் பின்னுக்குமாக மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். ரோலேட்டர் பொலித்தீன் உறையோடு கீழே நின்றுவிட்டது. காலால் சமதரையில் நடப்பேன், படி ஏறி இறங்க ஏலாது என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். கீழ்த்தட்டில் இருக்கலாமே என்று கேட்பீர்கள். கீழ்த்தட்டு தானியம் போட்டுவைத்த கல்மண்டபம். அங்கே கக்கூஸ் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. அந்தக் கல் வளைவில் ஒரு குழாய்க்குத் துளை போடவும் அனுமதி கிடையாது. குசினி, குளியலறை, கட்டில் எல்லாம் மேலே. சாப்பாடும் சாமானும் மேலே வருகின்றன. குப்பை கீழே போகிறது. நான் மட்டும் போவதில்லை.

இந்த வீட்டை விரும்பி வாங்கியவர் இவர், என் கணவர் சிவநேசன். எண்பதுகளின் நடுவில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்கு ரயில் ஏறிய எங்கள் ஆட்களில் ஒருவர். அகதி விண்ணப்பம் கொடுத்த கையோடு இந்த நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் வேண்டும் என்று கேட்கவில்லை. விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டுவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்குக் கடிதம் இல்லாமல் பிராங்பேர்ட் போகப் பார்த்து, ரயிலில் பிடிபட்டு, வாங்கிய வேட்டி பெட்டியோடு திரும்பி வந்தவர். அப்படி வருடக் கணக்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடம் இல்லாமல் டோமைச் சுற்றிச் சுற்றி நடப்பாராம். ஒரு சுற்று பதினொரு நிமிடம். சதுக்கத்தின் மூலையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார், பிறகு அங்கேயே சமையல்காரரானார். கோப்பை கழுவும் தொட்டிக்கு நேரே ஒரு யன்னல். அதற்குள்ளால் பார்த்தால் இந்த வீடு. ஒரு எல்லைக்குள் அடைபட்ட மனிதருக்கு அந்த எல்லைக்குள் இருந்த மிக வடிவான பொருளின்மேல் ஆசை வந்துவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பதினான்கு வருடத்துக்கு முன் வீடு விலைக்கு வந்தது. ஊர்க்காரர் ஒருவரும் கிட்டப் போகவில்லை. நாங்கள் முந்திக்கொண்டோம் என்று நினைத்தோம். வாசலில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அதில் எழுதியிருந்தது. இவர் அதை ஒரு பட்டம்போல எடுத்துக்கொண்டார். "கவுண்மேந்தே இந்த வீட்டைப் பாதுகாக்குது. இதைவிட என்ன வேணும்?" என்று வந்த ஆட்களுக்கெல்லாம் காட்டினார். சனிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழப் பாதி ஒன்றால் அந்தத் தகட்டைத் தேய்த்து மினுக்குவார். அந்தத் தகட்டுக்குப் பின்னால் எத்தனை சட்டம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. யன்னல் கண்ணாடி உடைந்தால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கதவுக்குப் பூசும் சாயத்துக்கு இலக்கம் தருவார்கள். ஆணி அடிக்க முன் ஒரு டெர்மின் எடுக்க வேண்டும், அதாவது அதிகாரி வரும் நாளும் நேரமும்.

குடிபூர நான் பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்த பாலின் புகைக்கு அலாரம் அடித்து, தீயணைப்புக்காரர் வந்து, அவர்களுக்கும் ஒரு வாய் பால் கொடுத்து அனுப்பினோம். பிறகு வாசல் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். ஒரு சாண் அகலமான ஓக் நிலை அது. மேலே குறுக்குச் சட்டத்தில் கட்டியவரின் பெயரும் கடவுளின் பெயரும் செதுக்கியிருக்கிறது. அதில் நான் கைவைக்கவில்லை, இரண்டு பக்கத் தூண்களிலும் மட்டும்தான் பூசினேன். அன்று தொடக்கம் விழும் நாள்வரை ஒவ்வொரு வெள்ளியும் மஞ்சளும் பொட்டும் வைத்திருக்கிறேன். மரம் நன்றாகக் குடித்து, மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது.

நிலை என்றால் எனக்கு ஏன் அப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. உடுத்த உடுப்போடு ஓடினோம். பின்னால் அந்த இடம் முழுவதும் ஆமியின் உயர் பாதுகாப்பு வலயமானது. அப்பா இருபத்திரண்டு வருடம் இரண்டு கட்டை தூரம் தள்ளி வாடகை வீட்டில் இருந்து, தன் வீட்டைப் பார்க்காமலே கண் மூடினார். ஆமி காணியைத் திருப்பி விட்ட பிறகு நான் ஒருமுறை போனேன். சுவர் இருந்தது. கூரை இல்லை. கதவும் இல்லை, கதவு இருந்த நிலையையும் யாரோ சுவரோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஓட்டைக்குள்ளால் நான் உள்ளே போகவில்லை. போக மனம் வரவில்லை. திரும்பி வந்த அந்த வெள்ளிக்கிழமை இந்த நிலைக்கு இரட்டை மடங்கு மஞ்சள் பூசியது நினைவிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியால் வந்ததும் மகள் அபிராமி பிராங்பேர்ட்டிலிருந்தபடியே அன்ட்ராக் எழுதினாள். படியோரம் தண்டவாளம் பூட்டி, ஆளைக் கதிரையில் இருத்தி ஏற்றி இறக்கும் ட்ரெப்பன்லிஃப்ட் வைக்க அனுமதி கேட்டு விண்ணப்பம். நினைவுச்சின்னங்களைப் பார்க்கும் கந்தோரிலிருந்து ஃபிராவ் லின்ட்னர் என்ற பெண் சித்திரையில் ஒரு வியாழக்கிழமை வீடு பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வருகிற வீடுபோலத் துப்பரவு தொடங்கினார். மேலே எல்லாம் முடிந்தது. நிலையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு, "இதைக் கண்டால் பழைய மரத்தைப் பழுதாக்கிப்போட்டம் எண்டு சொல்லுவினம்" என்று இரும்புப் பஞ்சையும், சாப்பாட்டுக்கடையில் பொரித்த அடுப்பைக் கழுவுகிற காரமான திராவகத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். இடப் பக்கத் தூணை முழுவதும் உரஞ்சி முடித்து, வலப் பக்கத்துக்குத் திரும்பும்போது அந்தப் பெண் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி.

நான் மேலே படித் தலைப்பில் கதிரையைப் போட்டு இருந்தேன். எதையும் பார்க்க ஏலாது, ஆனால் அந்தச் சுழல்படி கிணறுபோலச் சத்தத்தை மேலே அனுப்பும். முதலில் ஃபிராவ் லின்ட்னரின் "ஓ காட்" கேட்டது. இடப் பக்கத் தூணில் மஞ்சளுக்கு அடியில் பழைய செம்பூச்சு இருந்ததாம், வீடு கட்டிய காலத்துப் பூச்சு. இந்தச் சதுக்கத்தில் அது மிஞ்சியிருந்ததே எங்கள் வாசலில்தானாம். இவர் அதை வெள்ளை மரம் தெரியும்வரை உரஞ்சித் தள்ளிவிட்டார். அவர் குற்றம் சொல்கிறார் என்பது மட்டும் இவருக்கு விளங்கியது. மஞ்சள் இன்னும் மிச்சம் இருப்பதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இதையும் இப்பவே எடுத்துப்போடுறன், ஒரு நிமிஷம்" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டு இரும்புப் பஞ்சோடு வலப் பக்கத் தூணுக்குப் பாய்ந்திருக்கிறார். "நைன்! நைன்!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் டோமின் புறாக்கள் எழும்பிப் பறந்தன. அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தூணுக்கு முன்னால் நின்றாராம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பிறகு அந்தப் பெண் மேலே வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும், படியின் நடுத்தூணைத் தொட்டுத் தொட்டு ஏறி வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். உத்திரத்தைப் பார்த்து, "எவ்வளவு அற்புதமான இடத்தில் இருக்கிறீர்கள்" என்றார்.

"எனக்குக் கீழே போக வேண்டும்" என்றேன்.

"விளங்குகிறது. ஆனால் இந்தப் படி நானூறு வருடமாக இருக்கிறது."

"எனக்கு அறுபதுகூட ஆகவில்லை. என்னால் அவ்வளவு காலம் காத்திருக்க ஏலாது."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்றும் சொன்னார். பிறகு மஞ்சளைப் பற்றிக் கேட்டார். யார் பூசினது, எத்தனை வருடமாக, எந்த நாளில், எதற்காக. வெள்ளிக்கிழமை தோறும் நான்தான், வாசல் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக என்றேன். அதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். மூன்று நாள் கழித்து வேறொரு ஆள் வந்து, வலப் பக்கத் தூணில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றை அளந்து, படம் எடுத்து, ஒரு துளி மஞ்சளைச் சுரண்டி எடுத்துப் போனான்.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. இரண்டு முடிவு. முதலாவது, ட்ரெப்பன்லிஃப்ட் வைக்க அனுமதி இல்லை. நடுத்தூணில் துளை போடக் கூடாது, தண்டவாளம் போட்டால் தீ பிடிக்கும் நேரத்தில் ஆட்கள் இறங்க வழி காணாது. இரண்டாவது, வலப் பக்க நிலைத்தூணில் உள்ள மஞ்சளும் சிவப்புமான படிவு, வீட்டின் பாவனை வரலாற்றில் ஒரு கட்டமாகப் பதியப்படுகிறது. அதை அழிக்கக் கூடாது, மேலே சாயம் பூசக் கூடாது, அதனோடு புதிதாக எதையும் சேர்க்கவும் கூடாது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். இவருக்கு இந்த நாட்டில் இருக்க உரிமை கிடைக்கப் பதினொரு வருடம் எடுத்தது. என் மஞ்சளுக்கு ஆறு கிழமையில் கிடைத்துவிட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தேன், பிறகு யன்னலடியில் இருந்து நன்றாக அழுதேன்.

அன்று பின்னேரம் நான் இவரிடம் நேரே சொன்னேன்.

"இந்த வீட்டை வில்லுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. இந்தச் சதுக்கத்திலை வீடு வைச்சிருக்கிற ஒரே தமிழன் நான்."

"அபிராமி நில மாடியிலை ஒண்டு பாத்து வைச்சிருக்கிறாள்."

"அங்கை இருந்த வீடும் போட்டுது. இதையும் விட்டிட்டு வாடகைப் பெட்டிக்குள்ளையோ போய்க் கிடக்கிறது?"

"அங்கை ஆமிக்காரன் எங்களை வீட்டுக்குள்ளை போக விடேல்லை. இஞ்சை என்னை வீட்டாலை வெளியிலை போக விடுகினமில்லை. ஏனெண்டு கேட்டால் ரண்டு இடத்திலையும் பாதுகாப்பு எண்டுதான் சொல்லுகினம். எனக்கு ஒருத்தற்றை பாதுகாப்பும் வேண்டாம். நான் ரோட்டிலை நடக்கோணும்."

இவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கிப் போனார். யன்னலால் பார்த்தேன். டோமைச் சுற்றத் தொடங்கியிருந்தார், அந்தக் காலத்தைப் போல. ஏழு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து வெங்காயம் வெட்டினார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபமும் இரக்கமும் எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. மகளோடு நான் இரகசியமாகக் கதைத்துக்கொண்டேன்.

"அம்மா, வடிவில்லை. சாம்பல் நிறத்திலை ஒரு பெட்டி மாதிரி. முன்னாலை பஸ் தரிப்பு" என்றாள் அபிராமி.

"வாசலிலை படி இருக்கோ?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப வடிவுதான்."

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இவர் சந்தைக்குப் போயிருந்தார். காலை ஒன்பது மணி. நிலைக்குப் பொட்டு வைத்து ஐந்து மாதம் என்ற நினைப்பு முழித்த நேரம் தொடக்கம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. குங்குமச் சிமிழைச் சட்டைப் பையில் போட்டேன். படித் தலைப்பில் நிலத்தில் இருந்தேன். ஒவ்வொரு படியாக, சின்னப் பிள்ளை இறங்குவதுபோல, கையை ஊன்றி அரக்கி அரக்கி இறங்கத் தொடங்கினேன். இரும்பு வைத்த பக்கம் நெருப்பாக எரிந்தது. பதினோராவது படியில் மூச்சு வாங்க நின்றபோது, நடுத்தூணைப் பிடித்த என் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு இலை. முந்திரிகைக் கொடி ஒன்று கீழிருந்து மேலே தூணைச் சுற்றி ஏறுகிறது, இலையின் நரம்புகூடச் செதுக்கியிருக்கிறான் அந்த மனுசன். பதினான்கு வருடம் உடுப்புக் கூடையும் சாமான் பையுமாக ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் கண்டதில்லை. அவ்வளவு கிட்ட, அவ்வளவு மெதுவாக நான் அதைக் கடந்ததில்லை. என்னை அறியாமல் நானும் "ஆ" என்றேன்.

கீழே வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. நிலையைப் பிடித்து எழும்பினேன். இடப் பக்கம் வெளிறிக் கிடந்தது. வலப் பக்கத்து மஞ்சளுக்குக் கீழே சின்னதாக ஒரு இலக்கம் ஒட்டியிருந்தார்கள். சிமிழைத் திறந்து விரலில் குங்குமத்தைத் தொட்டபிறகு கை நின்றுவிட்டது. ஒரு பொட்டு வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சதுரம் அளந்து படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏற்கனவே ஒரு பக்கத்தைப் பழுதாக்கிய ஆட்கள் நாங்கள். என் வீட்டு நிலையில், நான் பூசிய மஞ்சளில், எனக்கு இனிமேல் கைவைக்க ஏலாது. விரலில் குங்குமத்தோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பக்கத்தில் பொலித்தீன் உறையோடு ரோலேட்டர் நின்றது. உறையைக் கிழித்தேன். புது வாகனத்துக்கு வைப்பதுபோல அதன் கைபிடிக்கு நடுவில் அந்தப் பொட்டை வைத்தேன். தேசிக்காய் இல்லாத குறைதான்.

நிலைப்படியைத் தாண்டினேன். வெயில் முகத்தில் பட்டது. டோமின் மணி பத்து அடித்தது. ஐந்து மாதமும் அந்த மணியை மேலேயிருந்துதான் கேட்டேன், கீழே நின்றால் அது உள்ளங்காலுக்குள்ளாலும் கேட்கும் என்பது மறந்து போயிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து அடி வைத்தேன். சதுக்கம் முழுவதும் பழைய கருங்கல் பாவியது. அதுவும் பாதுகாக்கப்பட்டதுதான். பன்னிரண்டாவது அடியில் ரோலேட்டரின் முன்சில்லு இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கி இறுகிவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. பிறேக்கைப் பூட்டி, அதன் இருக்கையில் வீட்டைப் பார்த்தபடி இருந்துவிட்டேன். அப்போதுதான் சிவப்புக் குடை வந்தது.

நாலு வசனமும் வந்தன. என் பின்பக்கத்தில் "ஆ" கேட்டது. அதற்குப் பிறகு ஐந்தாவது வசனம் ஒன்று வந்தது. வாசலின் வலது தூணில் மஞ்சள் நிறத்தைக் கவனியுங்கள், இந்த வீட்டில் வாழ்ந்த ஒரு இந்தியக் குடும்பத்தின் வழிபாட்டுத் தடயம் அது என்றார். வாழ்ந்த. நான் வகுப்பில் பிள்ளை கையுயர்த்துவதுபோல உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், இலங்கை. இன்னும் இங்கேதான் வாழ்கிறோம்" என்று ஜெர்மனில் சொன்னேன். ஐந்து மாதம் வெளியில் நின்று கதைக்காத குரல், கூட்டத்தின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. கனிவோடு சிரித்து, "பொதுக் கழிப்பறை டோமுக்குப் பின்னால், இடது பக்கம்" என்று கைகாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கூட்டத்தில் ஒரு பெண் பின்தங்கி நின்றாள். வெயில் தொப்பி, கையில் தொலைபேசி. கொஞ்சம் தள்ளி இருக்க முடியுமா, வீடு முழுதாகப் படத்தில் விழட்டும் என்று கேட்டாள்.

"ஏலாது" என்றேன். தமிழில்தான் வந்தது. சில்லைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், இழுத்தும் பார்த்தாள், அசையவில்லை. பரவாயில்லை என்று சொல்லி, நான் இருந்தபடியே படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இவர் சந்தைப் பையோடு வந்தவர் என்னைக் கண்டு பையை அப்படியே கல்லில் வைத்தார்.

"நீ எப்பிடி இறங்கினனி?"

"இருந்து அரக்கி."

என் பாவாடையின் பின்பக்கத்தில் முப்பத்தொரு படியின் தூசும் இருந்தது. அதைப் பார்த்தார். மேலே திறந்து கிடந்த யன்னலைப் பார்த்தார். குனிந்து சில்லைத் தூக்கி விடுவித்தார்.

"எந்தப் பக்கம் திருப்ப?" என்று கேட்டார்.

"டோமைச் சுத்தி."

அவருடைய பதினொரு நிமிடச் சுற்று எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. லிண்டன் மரங்களுக்குக் கீழே மூன்று இடத்தில் இருந்து போனோம். கோவில் வீதி சுற்றிய மாதிரித்தான். மூன்றாவது இடத்தில், தரையைப் பார்த்தபடி, "அபிராமிக்குச் சொல்லன், அந்த வீட்டை விடாமல் பிடிக்கச் சொல்லி" என்றார். அவர் கையைப் பிடித்தேன். நாற்பது வருடம் அடுப்பில் சுட்டுச் சுட்டுத் தடித்த கை. வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு என்ன? என்னை மேலே கொண்டுபோக அந்த இரண்டு தடியர்களையும் கூப்பிட வேண்டித்தான் இருந்தது. கட்டில் மேலேதானே. இப்போது புரட்டாதி. வீடு விலைக்குப் போட்டு இரண்டு மாதம். வருகிறவர்கள் படியைத் தடவி வியக்கிறார்கள், கந்தோர்க் கடிதக் கோப்பைப் புரட்டுகிறார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் என் மஞ்சளை அவர் கழுவ ஏலாது, சட்டம் அதற்குக் காவல் நிற்கும். ஊர் வீட்டின் நிலை இப்போது யாருடைய வாசலில் நிற்கிறதோ தெரியாது. நில மாடி வீட்டுக்காரர் மார்கழி வரைதான் பொறுப்பாராம். இவர் தகடு மினுக்குவதை விட்டுவிட்டார். நான் யன்னலடியில் இருக்கிறேன்.

இன்றைக்கும் பத்து மணி பத்து நிமிடத்துக்குக் குடை வந்தது. ஐந்து வசனமும் முடிந்தன. எல்லோரும் என்னை எடுத்தார்கள். எனக்கு அந்தத் தொப்பிக்காரியின் நினைவு வந்தது. பெயர் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. அவளுடைய தொலைபேசியில் ஒரு படம் இருக்கும். அதில் வீடு முழுதாக விழுந்திருக்காது. மேல்மாடி யன்னல் திறந்திருக்கும், உள்ளே என் கதிரை வெறுமையாக இருக்கும். நான் வெளியே வெயிலில் இருப்பேன்.